செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர், பொருளாளர், சக சாயப்பட்டறை உரிமையாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு மாதாமாதம் கூடியது. இரண்டு தடவை கோரம் சேராமல் டீயைக் குடித்துவிட்டுக் கலைந்தோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் விரிவாகச் சொல்ல வேண்டியது, சாயக் கழிவுநீரைத் தெளியவைக்க நாம் போடும் படிகாரத்துக்கு மாற்றாக முருங்கை விதையைப் போட்டுப் பார்த்த விஷயம்தான்.

"படிகாரத்துக்கும் காசு, அது சேர்த்துவிடும் கசடை அள்ளவும் காசா?" என்று போன பொதுக்குழுவில் ஓர் உறுப்பினர் கேட்டார். அதில் ஆரம்பித்தது. கலங்கல் தண்ணீர் தெளிய நம் பாட்டிமார் பானைக்குள் தேத்தாங்கொட்டையை உரசுவார்களே, அதே வேலையை முருங்கைப் பருப்பும் செய்கிறது. அதிலுள்ள புரதம் நேர்மின்னூட்டம் கொண்டது. பருத்திக்கு நாம் போடும் ரியாக்டிவ் சாயங்கள் எதிர்மின்னூட்டம். இரண்டும் ஒட்டித் திரிதிரியாகி அடியில் இறங்கிவிடும். படிகாரம் போட்டால் பி.எச். (அமில-கார அளவு) இறங்கும், இதில் அவ்வளவாக மாறாது.

மூலனூர்ப் பக்கம் விதை வாங்கி, எண்ணெய் பிழிந்த பிண்ணாக்கை உப்புத் தண்ணீரில் ஊறவைத்து வடிகட்டினோம். வெறும் தண்ணீரைவிட உப்புத் தண்ணீரில்தான் அந்தப் புரதம் நன்றாக இறங்கும். சாயம் பிடிக்க உப்புப் போடும் நம்மிடம் அதற்கு என்றைக்குப் பஞ்சம்? ஜாடியில் கொஞ்சம் எடுத்துக் கலக்கிப் பார்க்கும் ஜார் டெஸ்டில் நீலத் தண்ணீர் கண்ணெதிரே வெளுத்தது.

அப்புறம் ஒரு கூத்து. சனிக்கிழமை கரைத்ததைத் திங்கட்கிழமை ஊற்றச் சொன்னேன். நாற்றம் தாங்கவில்லை, நிறமும் இறங்கவில்லை. தவறு என்னுடையது. அன்றன்றைக்குக் கரைத்தால்தான் ஆகும்.

வேறு சிக்கல்களும் உண்டு. விதையின் மற்ற சத்துகளும் தண்ணீரில் கலப்பதால் சி.ஓ.டி. (கழிவைச் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) கூடும், அளவு மீறினால் நுண்ணுயிர்கள் கழிவைத் தின்னும் பயாலஜிகல் தொட்டிக்குத்தான் சுமை. கரைந்த உப்பை இது தொடவே தொடாது, டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்துள்ள பொருள்களின் அளவு) அப்படியே நிற்கும். "முருங்கைதான் இருக்கே, ஆர்.ஓ.வை நிறுத்திடலாமா?" என்று சிலர் ஆசையோடு கேட்டார்கள். முடியாது. கரைந்த உப்பைச் சவ்வு வழியாகப் பிரிப்பது அந்த ஆர்.ஓ.தான். கழிவுநீர் விவகாரத்தில் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ப் பட்டறைகளை மூடச் சொன்னது யாருக்கும் மறந்திருக்காது. விதைக்கு எண்ணெய்க்காரர்களும் போட்டி போடுவதால் முழு விதை வாங்கிக் கட்டுப்படியாகாது. அவர்கள் பிழிந்து போட்ட பிண்ணாக்கு கிடைத்தால் மட்டுமே கணக்கு ஒத்துவரும்.

ஆகவே செயற்குழு சொல்வது இதுதான்: வரும் ஆண்டில் ஒரே ஒரு பட்டறையில், படிகாரத்தில் ஒரு பங்கை மட்டும் குறைத்து இதைச் சேர்த்துப் பார்ப்போம். அதற்கு முன் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்வோம். தங்கள் பட்டறையைத் தரச் சம்மதமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கவும். சந்தா பாக்கி உள்ளவர்களும் அப்படியே வந்து பார்க்கவும்.

செயலாளர்