கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம்

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் கிடைத்தது. மகளும் நம் வழிக்கே வந்து பார்மசியில் சேர்ந்துவிட்டாள் என்றதில் ரொம்ப சந்தோஷம். "மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலைக்கு அறநெறிப் பாடம் எதுக்கும்மா?" என்று கேட்டாளாமே. நல்ல கேள்விதான்.

மனிதர்கள் எது சரி என்று எப்படி யோசிக்கிறார்கள் என்பதை ஆராய்ந்த உளவியலாளர் கோல்பர்க்கின் ஹைன்ஸ் கதையை அவளுக்குச் சொல். மனைவிக்குப் புற்றுநோய். காப்பாற்றக்கூடிய மருந்தை ஒரு மருந்துக்கடைக்காரர் 2000 டாலர் விலை சொல்கிறார். அவருக்கு அடக்க விலை 200தான். ஹைன்ஸால் பாதிப் பணம்தான் புரட்ட முடிகிறது. திருடலாமா? கோல்பர்க் பார்த்தது பதிலை அல்ல, அதற்குச் சொல்லும் காரணத்தை: தண்டனைக்குப் பயமா, சட்டமா, அதற்கும் மேலாக உயிரா என்று. இதில் எனக்கு ஒரு பழைய கோபம் உண்டு. ஹைன்ஸ் என்ன செய்யணும் என்றே எல்லோரும் கேட்கிறார்கள், அந்தக் கடைக்காரரை ஒருவரும் விசாரிப்பதில்லை. நம்ம ஆள் அல்லவா அவர்!

நம்மிடம் வருவது இப்படிப் பெரிய கதையாக வராது. முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை. வாரம் ஒருமுறை சாப்பிட வேண்டியது, மருந்துச் சீட்டில் 'தினமும்' என்று இருக்கும். எதிரே நீண்ட வரிசை. போன் போட்டால் டாக்டர் எரிந்து விழுவார். எழுதியதைக் கொடுத்தேன் என்று சொல்லிவிட்டுப் போகலாம். தினமும் விழுங்கினாலோ வாய்ப்புண்ணில் தொடங்கி எலும்பு மஜ்ஜை வரை அடிபடும், உயிரே போகலாம். டாக்டரிடம் பேசித் திருத்தியாயிற்று என்றாலும் விட முடியாது. எந்தக் கிழமை என்று பெட்டி மேல் எழுத வேண்டும். கூடவே தரும் ஃபோலிக் அமில வைட்டமினும் சில நேரம் அதே போல மஞ்சள் மாத்திரையாகவே இருக்கும். இரண்டையும் பிரித்துக் காட்டி, நோயாளியையே திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும்.

கோல்பர்க்கை அடியொற்றி வந்த உளவியலாளர் ஜேம்ஸ் ரெஸ்ட், சரியானதைச் செய்வதை நான்காகப் பிரித்தார்: சிக்கல் கண்ணில் படுவது, எது சரி என்று தீர்மானிப்பது, மற்றதைவிட அதை முக்கியமாக நினைப்பது, கடைசிவரை செய்து முடிப்பது. என்னைக் கேட்டால், முதல் இரண்டில் தவறுகிறவர்கள் குறைவு. வரிசை நீளும்போது மூன்றாவதில்தான் வழுக்கும். ஒரு மணி நேரத்தில் எத்தனை சீட்டு முடித்தோம் என்று எண்ணுகிற இடத்தில், தடுத்த தவறுக்குக் கணக்கு ஏது? மருந்து கை மாறியதோடு வேலை முடியவில்லை, அதனால் நோயாளிக்கு என்ன ஆனது என்பதற்கும் நாமே பொறுப்பு என்று பார்மசி பேராசிரியர்கள் ஹெப்லரும் ஸ்ட்ராண்டும் 1990-இலேயே எழுதிவிட்டார்கள்.

அப்புறம், புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பயிற்சி தரும் வேலை இப்போது என் தலையில். டாக்டருக்குப் போன் செய்து திருத்தியவற்றை நீங்கள் குறித்து வைப்பதுண்டா? இருந்தால் அந்த நோட்டின் மாதிரிப் பக்கம் ஒன்று அனுப்பு.

அன்புடன்,
மீனா