சாவி கொடுக்காததற்குக் காரணம்

குடியாத்தம்

அன்புள்ள கண்ணு,

நேற்று போனில் சலித்துக்கொண்டு வைத்துவிட்டாய். சிரசுத் திருவிழாவுக்கு ஊருக்கு வந்த உன் சிநேகிதன் திருப்பதி போகக் கார் கேட்டான், நான் சாவி கொடுக்கவில்லை. "ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கே, கொடுக்க வேண்டியதுதானேப்பா" என்றாய். அவன் தங்கமான பையன்தான். லைசென்ஸைக் காட்டச் சொன்னேன். அதில் பைக் மட்டும்தான் இருந்தது, கார் இல்லை.

நீ ஆறாவது படிக்கும்போது அம்மாவின் கை வளையல் நான்கும் சேட்டு கடைக்குப் போனது. வீட்டு ரிப்பேர் என்று உன்னிடம் சொன்னோம். அது பொய். பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் பத்து நிமிஷத்தில் வருகிறேன் என்று என் பைக்கை வாங்கிப்போனான். நெல்லூர்பேட்டையில் பால் கேனோடு சைக்கிளில் வந்த பெரியவரை இடித்து, அவருக்குத் தொடை எலும்பு முறிந்துவிட்டது. பாலிசி நடப்பில்தான் இருந்தது. ஆனால் பையனிடம் லைசென்ஸ் இல்லை.

வேலூர் கோர்ட்டில் இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "சாவி கொடுக்கும்போது லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டீர்களா?" கூண்டின் கட்டையைப் பிடித்தபடி நின்றேன். பதில் வரவில்லை. பெரியவருக்கு 1,60,000 ரூபாயைக் கம்பெனி கட்டட்டும், அதை வண்டிக்குச் சொந்தக்காரரான என்னிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று தீர்ப்பு. உச்ச நீதிமன்றம் 2004இல் ஸ்வரன் சிங் வழக்கில் சொன்ன வழி அது. அதே தீர்ப்பில், ஓட்டுபவருக்கு லைசென்ஸ் இல்லாதது மட்டும் போதாது, வண்டிக்குச் சொந்தக்காரர் கவனக்குறைவாக இருந்தார் என்பதையும் கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும் என்றும் இருக்கிறது. நான் ஒரு வார்த்தை கேட்டுப் பார்த்திருந்தால் தப்பித்திருப்பேன். அந்தப் பெரியவர் அதற்கப்புறம் சைக்கிள் ஏறவேயில்லை. எனக்கு இன்றும் ஆறாதது அதுதான்.

சரி, உன் காருக்கு வருவோம். ஆர்.சி., அதாவது வண்டிப் பதிவுச் சான்று, உன் பெயரில். நான் சாவி கொடுத்தாலும் நோட்டீஸ் உனக்குத்தான் வரும். சரியான லைசென்ஸ் உள்ளவர் உன் சம்மதத்தோடு ஓட்டினால் பாலிசி தாங்கும், அதில் தடையில்லை. இல்லாதவர் ஓட்டினால் நம் வண்டிச் சேதத்துக்குக் கம்பெனி கையை விரித்துவிடும். லைசென்ஸ் இல்லாதவருக்கு வண்டி கொடுத்த குற்றத்துக்கே 5,000 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. அப்புறம், பாலிசியில் 15 லட்சம் விபத்துக் காப்பீடு என்று பார்க்கிறாயே, அது வண்டிக்குச் சொந்தக்காரனான உனக்காக எடுத்தது. இரவல் வாங்கி ஓட்டுகிறவனுக்கு அதை நம்பிச் சாவி கொடுக்க முடியாது. அவனுக்கு ஏதாவது ஆகியிருந்தால் அவன் அம்மாவுக்கு நாம் என்ன பதில் சொல்வோம்?

அங்கே ஆபீஸ் சிநேகிதர்களுக்கும் பைக் கொடுப்பாய் என்று தெரியும். கொடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. லைசென்ஸை வாங்கி, எந்த வண்டிக்கு, எந்தத் தேதி வரை என்று பார். போனில் ஒரு போட்டோ எடுத்து வை. கோபித்துக்கொள்கிறவன் கோபித்துக்கொள்ளட்டும்.

உன் சிநேகிதனைச் சும்மா அனுப்பிவிடவில்லை. நாளை விடிகாலை நாலு மணிக்கு நானே சித்தூர் வழியாகத் திருப்பதிக்கு ஓட்டிக்கொண்டு போகிறேன். அம்மாவும் வருகிறாள், புளிசாதம் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா