தட்டுவடைக் கடைக்கு ஒரு தண்ணீர்க் குழாய்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழில் வரும் வெளிநாட்டுப் பயணக் கட்டுரைகளை ஒன்று விடாமல் படிக்கிறவள் நான். சிங்கப்பூர் என்றால் உயரமான கட்டடங்களையும் பெரிய கடைகளையும் பற்றியே எழுதுகிறார்கள். சேலத்தில் சாலையோரமாக 26 ஆண்டுகள் தட்டுவடை செட் போட்டு விற்ற நான், அங்குள்ள மகள் வீட்டில் ஒரு மாதம் தங்கிவிட்டு வந்தேன். என் கண்ணில் பட்டது வேறு.

சவுத் பிரிட்ஜ் சாலையில் 1827-இல் தொடங்கிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. ஆடியில் நம் கோட்டை மாரியம்மனுக்குக் கூடும் கூட்டத்தை நினைத்துக்கொண்டே கும்பிட்டேன். அங்கிருந்து சில நிமிடம் நடந்தால் மேக்ஸ்வெல் உணவங்காடி. ஒரே கூரையின் கீழ் வரிசையாகச் சின்னச் சின்னக் கடைகள்.

இன்னோர் உணவங்காடியில் என் வயதுள்ள சீன அம்மாள் ஒருவர் பொப்பியா சுருட்டிக்கொண்டிருந்தார். மெல்லிய மாவு ஏட்டை விரித்து, கரண்டியின் முதுகால் இனிப்புக் குழம்பைத் தடவினார். அதன்மேல் மிளகாய் விழுது, பூண்டு விழுது. பிறகு வெந்த கிழங்குத் துருவல், நொறுக்கிய வேர்க்கடலை. என் கை தானாக அசைந்தது. தட்டுவடைமேல் சிவப்புச் சட்னியும் பச்சைச் சட்னியும் தடவி, பீட்ரூட், கேரட் துருவலும் வெங்காயமும் வைத்து, இன்னொரு தட்டுவடையால் மூடுகிற அதே வேகம்! பேச எங்களுக்குள் பொதுவான மொழி இல்லை. நான் நின்று பார்ப்பதைக் கண்டு அவர் சிரித்தார்.

அவர் கைக்கு எட்டும் தூரத்தில் தண்ணீர்க் குழாய் இருந்தது. கழுவிய நீர் போக வடிகாலும் இருந்தது. நானோ தினமும் நான்கு குடம் இடுப்பில் சுமந்தேன். மூன்றாவது குடம் காலியாகும்போதே, கடைசிக் குடம் கிண்ணம் கழுவப் போதுமா என்ற கவலை வந்துவிடும். தெருக்கடை சுத்தமில்லை என்று சொல்கிறவர்கள் அந்தக் குடத்தை ஒருநாள் தூக்கிப் பார்க்க வேண்டும்.

அங்கேயும் ஒரு காலத்தில் தெருவில்தான் விற்றார்களாம். 1971 முதல் 1986 வரை படிப்படியாக இந்த உணவங்காடிகளுக்கு மாற்றியிருக்கிறார்கள். அந்தக் கடைக்காரர்களின் உணவுப் பண்பாட்டை 2020-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது என்று மருமகன் சொன்னபோது எனக்குக் கண் கலங்கியது.

வாட்டர்லூ தெருவையும் சொல்ல வேண்டும். சீனர்கள் கருணைத் தெய்வமாக வணங்கும் குவான் யின் கோயிலும் கிருஷ்ணன் கோயிலும் அருகருகே இருக்கின்றன. குவான் யினை வணங்கிய சீனர்கள் அப்படியே வந்து கிருஷ்ணன் வாசலிலும் ஊதுபத்தி ஏந்திக் கும்பிடுகிறார்கள். பூ விற்பவர்களுக்கும் அந்தத் தெருவில் இடமிருக்கிறது.

நமக்கும் 2014-இல் தெரு வியாபாரிகளுக்கென்று தனிச் சட்டம் வந்தது. தெருக்கடை விவகாரங்களைக் கவனிக்கும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளே இருக்க வேண்டும் என்கிறது அது. சேலத்துக்குப் பெரிய கட்டடம் கேட்கவில்லை. மாலையில் தட்டுவடை வண்டிகள் கூடுகிற இடங்களில் ஒரு குழாய், ஒரு வடிகால், ஒரு விளக்கு போதும். அடுத்த ஆடித் திருவிழாவுக்குள் கோட்டை மாரியம்மன் கோயில் பக்கமிருந்தே தொடங்கலாம்.

என் வண்டியை இப்போது தங்கை மகள் தள்ளுகிறாள். அவளுக்கும் தினம் நான்கு குடம்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பொன்னம்மாப்பேட்டை, சேலம்.