நிக்கோலோசியில் கேபிளை விடுவித்துத் தந்த ஐயாவுக்கு நன்றி

சிசிலியில், எட்னா எரிமலைச் சரிவிலுள்ள நிக்கோலோசி ஊரில், சார்ஜிங் கம்பத்தில் சிக்கிய எங்கள் மின்சாரக் காரின் டைப் 2 கேபிளை (ஐரோப்பாவில் வழக்கமான சார்ஜ் கேபிள்) எடுத்துத் தந்த பெரியவருக்கு மனமார்ந்த நன்றி. பெயர்கூடக் கேட்காமல் விட்டுவிட்டோம், ஐயா.

இழுக்க இழுக்க, பிளக்கைப் பிடித்திருக்கும் பூட்டு ஊசி இறுகத்தான் செய்யும் என்று காட்டினீர்கள். தொடங்கிய அதே கார்டால் சார்ஜை நிறுத்தி, காரின் பூட்டைத் திறந்து, பிளக்கை ஒருமுறை உள்ளே அழுத்திய பிறகுதான் இழுக்க வேண்டும். 'டக்'கென்று ஊசி பின்வாங்கியது!

அதைவிடப் பெரிய உதவி, நீங்கள் சொன்ன மலைக்கணக்கு. நிக்கோலோசியின் 700 மீட்டர் உயரத்திலிருந்து, மேலேயுள்ள ரிஃபூஜியோ சாப்பியென்சா என்ற மலைத் தங்குமிடத்தின் 1,900 மீட்டருக்கு 1.8 டன் காரைத் தூக்க மட்டுமே சுமார் 6 கிலோவாட்-மணி போகும். இறங்கும்போது மோட்டாரே காரை இழுத்துப் பிடித்து மின்சாரம் ஆக்குவதால், அதில் நல்ல பங்கு பேட்டரிக்குத் திரும்பும். மலைமேல் 100% ஏற்றிவிட்டு இறங்கினால் அந்த மின்சாரத்துக்குப் பேட்டரியில் இடமிருக்காது, மோட்டார் இழுத்துப் பிடிக்காது, பாரமெல்லாம் பிரேக் பேடில் விழும். 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொண்டோம், நீங்கள் சொன்னபடியே.