பயாப்சி முடிவையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குழந்தைகளின் வயிற்றுவலி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எண்டோஸ்கோப்பி (வாய்வழியாகக் கேமரா பொருத்திய குழாயை விட்டு உள்ளே பார்ப்பது) செய்தும் பல குழந்தைகளுக்கு ஒன்றும் தெரிவதில்லை, அதனால் அது வீண் என்கிற தொனி அதில் இருந்தது. குழந்தைகள் எண்டோஸ்கோப்பி அறையில் வேலை பார்க்கும் செவிலியரான என்னால் இதைப் பாதிதான் ஒத்துக்கொள்ள முடிகிறது.

தொப்புளைச் சுற்றி அவ்வப்போது வலி. மற்றபடி குழந்தை நன்றாகச் சாப்பிடுகிறது, எடையும் உயரமும் வயதுக்கேற்ப ஏறுகின்றன, ராத்திரி அசந்து தூங்குகிறது. இப்படிப்பட்ட குழந்தைக்குக் குழாய் விட்டுப் பார்த்து எதுவும் அகப்படுவது அபூர்வம். பால் குடித்ததும் கக்கிவிட்டுச் சிரிக்கும் கைக்குழந்தைக்கும் அதேதான். குழந்தை என்றால் பெரும்பாலும் மயக்க மருந்தும் கொடுக்க வேண்டியிருக்கும். தக்க காரணம் இல்லாமல் அதில் இறங்கக் கூடாது. சரி, இதுவரை கட்டுரையாளர் பக்கம்தான்.

எடை குறைகிறது, வளர்ச்சி தேங்குகிறது, விழுங்கச் சிரமப்படுகிறது, வாந்தி விடவில்லை, வாந்தியில் ரத்தம் வருகிறது, மலம் தார் மாதிரி கறுப்பாகப் போகிறது, வலி தூக்கத்திலிருந்து எழுப்புகிறது என்றால் அப்போது பேச்சே வேறு. (பட்டன் பேட்டரி விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கியிருந்தால் 2 மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். அங்கே யோசனைக்கே இடமில்லை.)

கட்டுரையில் அடியோடு விட்டுப்போனது பயாப்சி, அதாவது திசுவைக் கிள்ளி எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது. திரையில் உணவுக்குழாய் இளஞ்சிவப்பாக, வழவழவென்று தெரியும். டாக்டரும் "பார்க்க நல்லாத்தான் இருக்கு" என்பார். அப்படிச் சொல்லிக்கொண்டே இடுக்கியை உள்ளே விட்டுக் கடுகளவு திசுவைப் பல இடங்களில் கிள்ளி எடுப்பார். எந்த இடத்துத் துண்டு என்று லேபிள் ஒட்டி ஃபார்மலின் பாட்டிலில் போடுவது என் வேலை. உணவுக்குழாயில் ஈசினோஃபில் என்ற ஒருவகை வெள்ளை அணுக்கள் குவிந்து வரும் அழற்சி கண்ணுக்குத் தெரியாமலேயே இருக்கலாம். நுண்ணோக்கியில் உயர் உருப்பெருக்கத்தில் ஒரு பார்வைப் பரப்புக்குள் 15 அணுக்களாவது தென்பட்டால்தான் அந்தச் சந்தேகம் வலுக்கும். அது திட்டுத் திட்டாக இருக்கும் என்பதால் குறைந்தது 6 துண்டு எடுக்கச் சொல்கிறார்கள். கோதுமையில் இருக்கும் குளூட்டன் ஒத்துக்கொள்ளாமல் சிறுகுடல் கெடும் சீலியாக் நோயிலும் சிறுகுடலின் தொடக்கம் பார்வைக்கு ஒழுங்காகத் தெரிந்து, திசுவில் மட்டும் கோளாறு இருக்கலாம். இவர்களையெல்லாம் 'எண்டோஸ்கோப்பியில் ஒன்றும் தெரியவில்லை' என்ற கணக்கில் சேர்த்தால் எப்படி?

சீலியாக் சந்தேகம் என்றால் முதலில் ரத்தப் பரிசோதனைதான். டிடிஜி-ஐஜிஏ என்ற எதிர்ப்பொருளின் அளவு, இயல்பான உச்ச வரம்பைப் போல 10 மடங்கோ அதற்கு மேலோ இருந்து, இரண்டாவது ரத்த மாதிரியில் இஎம்ஏ என்ற இன்னொரு எதிர்ப்பொருளும் இருந்தால், எண்டோஸ்கோப்பி இல்லாமலே நோயை உறுதிசெய்யலாம் என்கிறது 2020-இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டி. ஆனால் சில பெற்றோர் பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிட்டு வருகிறார்கள். அப்புறம் ரத்தமும் திசுவும் தவறாக நார்மல் காட்டக்கூடும்.

எண்டோஸ்கோப்பி முடிந்த அன்றே கையில் கிடைக்கும் காகிதத்தில் 'நார்மல்' என்று இருந்தால் பலர் அத்தோடு கிளம்பிவிடுகிறார்கள். பயாப்சி அறிக்கை வரச் சில நாளாகும். அதையும் கேட்டு வாங்கி டாக்டரிடம் காட்டச் சொல்லி அடுத்த இதழிலாவது ஒரு வரி போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி