உறைமோர் கேட்டுக் கதவைத் தட்டியவருக்கும் மற்றவர்களுக்கும்

பெயர் போட வேண்டாம் என்று நால்வருமே சொல்லிவிட்டீர்கள். ஆகவே போடவில்லை.

மூன்றாம் வீட்டு அக்கா, முதல் நன்றி உங்களுக்கு. எங்கள் வீட்டில் சத்தம் எழும்போதெல்லாம் சின்ன எவர்சில்வர் கிண்ணத்தோடு வந்து, "கொஞ்சம் உறைமோர் இருக்கிறதா?" என்று கதவைத் தட்டுவீர்கள். ஓங்கிய கை இறங்கிவிடும். வெளியாள் முன்னால் என் கணவர் தங்கமான மனிதர் ஆயிற்றே! இரவு பதினோரு மணிக்கு யார் பாலுக்கு உறை ஊற்றுகிறார்கள் என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. உங்கள் வீட்டில் யாருக்கும் தயிர் ஆகாது என்பதே எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

நர்ஸம்மா, கை எலும்பு விரிசலோடு வந்தவள் வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொன்னேன். பக்கத்தில் மாமியார் நின்றார். அவரைச் சீட்டு வாங்க அனுப்பிவிட்டு, "இப்போது சொல்லுங்கள்" என்றீர்கள். கணவர் கட்டையால் அடித்ததாக விபத்துப் பதிவேட்டில் டாக்டர் எழுதினார். நீதிமன்றத்தில் எனக்குக் கைகொடுத்தது அந்த ஒரு வரி. மாத்திரைக் கவரின் பின்புறம் நீங்கள் எழுதித் தந்தது மூன்றே இலக்கம்: பெண்கள் உதவி எண் 181.

இடையில் ஒரு காவல் நிலையத்தில், "குடும்பம் என்றால் நாலும் இருக்கும், அனுசரித்துப் போம்மா" என்று திருப்பி அனுப்பினார்கள். அவர்களுக்கு இந்த மடலில் இடமில்லை.

பாதுகாப்பு அலுவலர் அம்மா, குடும்ப வன்முறைச் சட்டம் 2005-லேயே வந்துவிட்டது என்று உங்களிடம்தான் தெரிந்துகொண்டேன். படிவத்தை வரிவரியாக வாசித்தீர்கள். அடி, உதை மட்டும்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஆண் குழந்தை இல்லை என்று இழிவாகப் பேசுவது, சம்பளத்தைப் பறித்துக்கொள்வது எல்லாம் அதில் இருந்தன. பனியன் கம்பெனியில் சனிக்கிழமை சனிக்கிழமை வாங்கிய சம்பளக் கவரைப் பிரிக்காமல் அவர் கையில் கொடுத்தது ஒன்பது வருடம். அதற்கும் ஒரு கட்டம் இருந்தது. டிக் போடும்போதுதான் அழுதேன்.

வக்கீலம்மா, பெண்ணுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு என்று நீங்கள் சொன்னபோது நான் நம்பவில்லை. வீடு மாமியார் பெயரில் இருப்பதால் எனக்கு அங்கே இடமில்லை என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. உறவினருக்குச் சொந்தமான வீடும் சேர்ந்து வாழ்ந்த இல்லம் ஆகலாம் என்ற 2020-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பை நீங்கள் எடுத்து வைத்தீர்கள். முதல் விசாரணையிலிருந்து 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நமக்குப் பதினான்கு மாதம் ஆனது. வாய்தா வாய்தாவாக உங்கள் டப்பாவிலிருந்து நான் தின்ற புளிசாதத்துக்குக் கணக்கே இல்லை.

இப்போது அதே வீட்டில்தான் இருக்கிறேன். வெளியே போகும்படி உத்தரவானது அவருக்கு.

அக்கா, உங்கள் கிண்ணம் ஒன்று என்னிடமே தங்கிவிட்டது. இப்போதைக்குத் திருப்பித் தர முடியாது. எதிர்ச் சந்தில் புதிதாகக் குடிவந்த பெண் வீட்டுக்கு நேற்று இரவு அதை எடுத்துக்கொண்டுதான் போனேன்.

இப்படிக்கு,
உங்கள் பக்கத்து வீட்டுக்காரி