லேசாக மஞ்சள் ஓடும் அந்தக் கல்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். நேற்று ராத்திரி நீ போனில் கேட்டதற்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். "மோதிரத்துக்கு ரெண்டு வைரக் கல் பார்த்து வெச்சிருக்கேம்மா. ஒண்ணு சுத்த வெள்ளை, ஆனா சின்னது. இன்னொண்ணு பெருசு, நல்லா ஜொலிக்குது, லேசா மஞ்சள் அடிக்குது. ரிப்போர்ட்ல கே-ன்னு போட்டிருக்கு. அது குறையுள்ள கல்லாம்மா?" என்று கேட்டாய். கேட்கும்போது உன் குரல் இறங்கிப் போயிருந்தது. மனசுக்குப் பிடித்த ஒன்றைப் பற்றி யாரோ ஏதோ சொல்லிவிட்டால் சின்ன வயதிலும் நீ இப்படித்தான் பேசுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அது குறையில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் மோதிரம் உனக்கு நினைவிருக்கும். தூக்கம் வருகிறவரை என் விரலைப் பிடித்து அதைச் சுற்றிக்கொண்டே இருப்பாய். அந்தக் கல்லும் மஞ்சள் ஓடுகிற கல்தான். உன் பாட்டி கையில் இருந்து எனக்கு வந்தது. இத்தனை வருஷத்தில் "இது ஏம்மா மஞ்சளா இருக்கு?" என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. உன் கண்ணுக்கு அது வைரமாகத்தான் தெரிந்தது. அந்தக் கண்ணோடுதான் இப்போதும் நீ கல்லைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

மஞ்சள் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். வைரம் கிட்டத்தட்ட முழுக்க கார்பன். பூமிக்கு அடியில் சுமார் 150 கிலோமீட்டர், அதற்கும் கீழே, நாம் நினைத்துப் பார்க்க முடியாத அழுத்தத்தில் உருவாகிறது. பெரும்பாலான கற்களுக்கு வயது நூறு கோடி வருஷத்துக்கு மேல். அப்படி உருவாகும்போது, அங்கங்கே கார்பன் இருக்க வேண்டிய இடத்தில் நைட்ரஜன் வந்து உட்கார்ந்துவிடும். அது வெளிச்சத்தில் இருக்கும் நீலத்தைக் கொஞ்சம் விழுங்கிக்கொள்ளும். நீலம் குறைந்து வெளியே வரும் ஒளி நம் கண்ணுக்கு இளமஞ்சளாகத் தெரியும். இயற்கை வைரங்களில் மிகப் பெரும்பாலானவற்றில் நைட்ரஜன் உண்டு. எவ்வளவு இருக்கிறது, எப்படிச் சேர்ந்து உட்கார்ந்திருக்கிறது என்பதில்தான் கல்லுக்குக் கல் வித்தியாசம்.

அப்புறம், ரிப்போர்ட்டில் நிறத்துக்காகப் போடும் அந்த எழுத்துகள். வைரங்களைத் தரம் பார்த்துச் சொல்லும் அமெரிக்காவின் ஜி.ஐ.ஏ. நிறுவனம் வகுத்த வரிசை அது. 'டி'யில் தொடங்கி 'இசட்'டில் முடியும். அதற்கு முன்னால் ஆளாளுக்கு ஏ, டபுள் ஏ என்று இஷ்டத்துக்குப் பெயர் வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். அந்தக் குழப்பம் கூடவே வரக்கூடாது என்றுதான் முதல் மூன்று எழுத்துகளையும் விட்டுவிட்டு 'டி'யில் ஆரம்பித்தார்கள். டி, ஈ, எஃப் மூன்றும் நிறமற்றவை. ஜி முதல் ஜே வரை கிட்டத்தட்ட நிறமற்றவை. கே, எல், எம் மூன்றும் மிக லேசான நிறம் கொண்டவை. உன் கல் அந்த மூன்றாவது கூட்டத்தின் வாசலில் நிற்கிறது, அவ்வளவுதான்.

அந்த எழுத்தை எப்படிக் கொடுக்கிறார்கள் என்பதையும் தெரிந்துகொள். கல்லைக் கவிழ்த்து, முகம் கீழே இருக்கும்படி வெள்ளைத் தட்டில் வைத்து, பக்கத்தில் அளவுகோலாக வேறு கற்களை வைத்து, பகல் வெளிச்சம் போன்ற விளக்கில் பக்கவாட்டில் பார்ப்பார்கள். நேராக வைத்துப் பார்த்தால் மினுமினுப்பு நிறத்தை மறைத்துவிடும் என்பதால்தான் கவிழ்த்துப் பார்க்கிறார்கள். மோதிரத்தில் யாராவது கல்லைக் கவிழ்த்துப் போட்டுக்கொள்வார்களா? ரிப்போர்ட்டில் இருக்கும் எழுத்து கல்லின் முதுகைப் பார்த்துச் சொன்னது. நீ மோதிரம் போடப் போகிற பெண் காலமெல்லாம் பார்க்கப் போவது அதன் முகத்தை.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று நீ யோசிக்கலாம். பட்டுத் தெரிந்துகொண்டதுதான். நீ காலேஜில் இருந்தபோது என் மோதிரத்தில் கல் ஆட ஆரம்பித்தது. ஒரு கடையில் கொடுத்தேன். "பழைய மாடலா இருக்கே, வெள்ளைத் தங்கத்துல கட்டி, சுத்தி சின்னச் சின்ன வைரமா வெச்சா பிரமாதமா இருக்கும்" என்றார்கள். நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன். இரண்டு வாரம் கழித்துப் பெட்டியைத் திறந்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. சுற்றிலும் பளீரென்று வெள்ளைக் கற்கள். நடுவில் என் அம்மாவின் கல் பழுப்பேறிய காகிதம் மாதிரி மங்கிக் கிடந்தது. கல்லை மாற்றிவிட்டார்களோ என்றுகூட நினைத்தேன். வீட்டில் யாரிடமும் சொல்லாமல் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். ஆறு மாதம் வெறும் விரலோடுதான் இருந்தேன். உனக்குத் தெரியாது.

பிறகு, கல் பதிக்கும் பட்டறை வைத்திருந்த ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் கல்லைக் கழற்றினார். ஒரு வெள்ளைத் தாளை நடுவில் மடித்து, அந்த மடிப்புக்குள் கல்லைக் கவிழ்த்து வைத்து, என்னைக் குனிந்து பக்கவாட்டில் பார்க்கச் சொன்னார். நல்ல மஞ்சள். அப்புறம் சாமணத்தால் அதே கல்லைத் திருப்பி, முகம் மேலே வருமாறு இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்துக் காட்டினார். மஞ்சள் எங்கே போனது என்றே தெரியவில்லை. உள்ளே ஒரு விளக்கு ஏற்றி வைத்த மாதிரி மட்டும் இருந்தது. "கல்லுக்கு ஒண்ணும் ஆகலைம்மா. பக்கத்துல உக்கார வெச்ச கல்லுங்கதான் ஒத்துப்போகலை" என்றார். மஞ்சள் தங்கத்திலேயே திரும்பக் கட்டிக்கொடுத்தார். அன்றைக்குப் போட்ட மோதிரம்தான், இன்னும் கழற்றவில்லை.

ஆகவே தம்பி, கே நிறக் கல்லை எடுப்பதாக இருந்தால் அதை மஞ்சள் தங்கத்தில் கட்டு. ரோஸ் தங்கமும் நன்றாக இருக்கும். கல்லைப் பிடித்திருக்கும் நகங்களும் மஞ்சளாகவே இருக்கட்டும். சுற்றிலும் தங்க நிறம் இருக்கும்போது கல்லில் தெரியும் சாயல் தங்கத்திலிருந்து வருகிற மாதிரிதான் கண் எடுத்துக்கொள்ளும். பிளாட்டினத்திலோ வெள்ளைத் தங்கத்திலோ வைத்தால் மஞ்சள் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். பக்கக் கற்கள் வேண்டும் என்றால் அவையும் இதே சாயலில், ஒரு எழுத்து முன்னே பின்னே இருந்தால் போதும். பின்னால் என்றைக்காவது இந்த மோதிரத்தோடு சேர்த்துப் போட இன்னொரு வளையம் வாங்குவாய் இல்லையா, அப்போதும் இதை மறந்துவிடாதே. நான் செய்த தப்பை நீ செய்ய வேண்டாம்.

கல் வட்டமா, நீள்வட்டமா என்று நீ சொல்லவே இல்லை. வட்டமாக இருந்தால் கவலை இல்லை, நிறத்தை அதுதான் நன்றாக மறைக்கும். நீள்வட்டம், பேரிக்காய் வடிவம் இவற்றில் முனைகளில் நிறம் தேங்கி நிற்கும். எமரால்டு கட் என்று படிக்கட்டு மாதிரி பட்டை போட்டிருப்பார்களே, அது கண்ணாடி ஜன்னல் மாதிரி, உள்ளே இருப்பதை அப்படியே காட்டிவிடும். கல் பெரிதாகப் பெரிதாகவும் நிறம் கூடித் தெரியும். வட்டக் கல்லாக இருந்தால் பட்டை தீட்டின தரத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதே. சரியாகப் பட்டை தீட்டாத வெள்ளைக் கல் தூங்கி வழியும், நன்றாகத் தீட்டின கே கல் சிரிக்கும். கையில் இருக்கும் பணத்தை எழுத்துக்குக் கொட்டாமல் பட்டைக்குக் கொடு என்பதுதான் என் எண்ணம்.

இன்னொரு தடவை கடைக்குப் போய்ப் பார். இந்தத் தடவை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போ. வைரம் சுற்றி இருக்கும் நிறத்தை எல்லாம் உள்ளே வாங்கித் திருப்பித் தரும். மஞ்சள் சட்டை போட்டால் எந்தக் கல்லும் மஞ்சள்தான். கடையின் ஸ்பாட் லைட்டுக்குக் கீழே எல்லாக் கல்லும் தீப்பொறியாகப் பறக்கும், அதை நம்பாதே. ஜன்னல் ஓரம் கொண்டுபோய், நேர் வெயில் படாத வெளிச்சத்தில் ஒரு கை தூரத்தில் வைத்துப் பார். அப்புறம் சாதாரண டியூப் லைட்டில் பார். பார்க்கும் முன் துணியால் துடைக்கச் சொல். வைரத்தில் எண்ணெய்ப் பசை சட்டென்று ஒட்டிக்கொள்ளும். ஒரு காலத்தில் சுரங்கங்களில் கிரீஸ் தடவின மேசையில் உடைத்த கற்களைத் தண்ணீரோடு ஓடவிடுவார்களாம். மற்ற கல்லெல்லாம் ஓடிவிடும், வைரம் மட்டும் கிரீஸில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதனால்தான் நாலு பேர் தொட்டுப் பார்த்த கல் மங்கித் தெரியும். என் மோதிரத்தையே மாதம் ஒரு தடவை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சோப்பு விட்டு மெல்லிய பிரஷ்ஷால் தேய்ப்பேன். கல்லின் நிறம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி அழுக்குதான்.

ரிப்போர்ட்டில் கே என்ற எழுத்துக்குப் பக்கத்தில் வேறு சொல் ஏதாவது இருக்கிறதா என்று பார். ஜி.ஐ.ஏ. ரிப்போர்ட்டில் மஞ்சள் சாயலுக்கு எழுத்து மட்டும்தான் இருக்கும். பழுப்பு என்றால் கே-யிலிருந்து கீழே அந்தச் சொல்லையும் சேர்த்து எழுதுவார்கள். மஞ்சள் சாயலில் ஒரு வெதுவெதுப்பு இருக்கும். சாம்பலும் பழுப்பும் கல்லை மந்தமாக்கிவிடும் என்பது என் கண்ணுக்குத் தெரிந்தது, உன் கண்ணுக்கு வேறு மாதிரி இருக்கலாம். அப்புறம் ஃப்ளூரசன்ஸ் என்று ஒரு வரி இருக்கும். புற ஊதா ஒளி பட்டால் சில கற்கள் நீலமாக ஒளிரும். பகல் வெளிச்சத்திலும் அந்த ஒளி கொஞ்சம் இருப்பதால், மஞ்சள் சாயல் உள்ள கல் இன்னும் வெள்ளையாகத் தெரியக்கூடும். அந்த வரியைப் பார்த்துப் பயப்படாதே, உனக்கு அது லாபம்தான். ரொம்ப அதிகம் என்று போட்டிருந்தால் மட்டும், வெயிலில் கல் பால் கலந்த மாதிரி மங்குகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடு.

பெரியவர்கள் சில வைரங்களை 'ப்ளூ ஜாகர்' என்று சொல்லி நீ கேட்டிருப்பாய். தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபொன்டெய்ன் சுரங்கத்தை வைத்து வந்த பெயர் அது. அங்கே கிடைத்த சில கற்களில் நீலம் தட்டும். அதே நாட்டில் கிடைத்த மஞ்சள் சாயல் கற்களுக்கு 'கேப்' என்று பெயர் வைத்தார்கள். ஒன்றைச் சொல்லும்போது குரல் ஏறுகிறது, இன்னொன்றைச் சொல்லும்போது இறங்குகிறது. இரண்டும் ஒரே மண்ணிலிருந்து வந்தவைதான்.

யாராவது உன்னிடம் "இது ஃபேன்சி யெல்லோ" என்றோ "ஷாம்பெயின் டைமண்ட்" என்றோ சொல்லி விலையை ஏற்றினால் எழுந்து வந்துவிடு. ஃபேன்சி என்பது இசட்டையும் தாண்டி, நேராகப் பார்த்தாலே நிறம் தெரியும் கல்லுக்குக் கொடுக்கும் பெயர். உன் கல்லுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கே கல்லை கே கல்லின் விலைக்கு வாங்கு. இயற்கையில் கிடைத்ததா, லேபில் வளர்த்ததா, நிறத்தை மாற்ற ஏதாவது செய்திருக்கிறார்களா என்பதை எழுதி வாங்கிக்கொள். ரிப்போர்ட் எண்ணைக் கல்லின் ஓரத்தில் லேசரால் பொறித்திருந்தால் லென்ஸ் வைத்து நீயே படித்துப் பார். மோதிரத்தில் கட்டுவதற்கு முன், கல்லைத் தனியாக ஒரு தடவை பார்க்காமல் பணம் கொடுக்காதே.

கடைசியாக, நீ போனில் மெதுவாகக் கேட்டாயே, "அவகிட்ட சொல்லணுமாம்மா?" என்று. சொல்ல வேண்டும் தம்பி. பயந்துகொண்டு இல்லை, ஆசையாக. நீ எதைப் பார்த்து அந்தக் கல்லை எடுத்தாயோ அதைச் சொல். மறைத்துக் கொடுத்தால் அந்த மஞ்சள் என்றைக்காவது வேறு யார் வாயிலிருந்தாவது அவள் காதில் விழும், அன்றைக்கு அது குறையாகிவிடும். முடிந்தால் கடைக்கு அவளையே கூட்டிக்கொண்டு போ. இரண்டு கல்லையும் அவள் விரல் நடுவில் வைத்துப் பார்க்கட்டும். நீ எதுவும் சொல்லாதே, எந்தக் கல்லின் மேல் அவள் கண் திரும்பத் திரும்பப் போகிறது என்று மட்டும் கவனி. அவளுக்கு வெள்ளைதான் பிடிக்கிறது என்றால் சின்ன வெள்ளைக் கல்லையே எடு, எனக்கு அதிலும் சந்தோஷம்தான். போட்டுக்கொள்ளப் போகிறவள் அவள்.

அடுத்த மாதம் நான் வரும்வரை பொறுக்க முடியும் என்றால், கல்லை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு வா. என் மோதிரத்தைக் கழுவி எடுத்து வருகிறேன். அவளும் இருக்கட்டும். ஜன்னல் ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாளை மடித்து வைத்து மூன்று பேரும் பார்ப்போம்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா